மூடாத குழி

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எங்கள் தோட்டத்தில் இரண்டு ஆழ்குழாய்க் கிணறுகள், ஒன்று வறண்டது. கொங்கு நாட்டில் இது புதுமையன்று. திருச்செங்கோட்டு ரிக் வண்டி வரும், துளையிடும். நீரில்லையேல் குழாயை உருவிக்கொண்டு, வாயில் சாக்கைப் போட்டுவிடுகிறோம். சாக்கு குழந்தையைத் தாங்குமா?

2019 அக்டோபர் 25 அன்று மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை பயன்படாத ஆழ்குழாய்க் குழியில் விழுந்தது. நான்கு நாள் போராடியும் உடலைத்தான் எடுக்க முடிந்தது.

கைவிட்ட குழியை அடியிலிருந்து தரைமட்டம்வரை மண், கல் கொண்டு நிரப்ப வேண்டும். பயன்படும் குழாய்க்கு இரும்பு மூடியைப் பற்றவைக்கவோ போல்ட்டிட்டு முடுக்கவோ வேண்டும். உச்ச நீதிமன்றம் 2010லேயே வகுத்த நெறி இது. அந்த ஆங்கிலத் தாள் என் அப்பாவை எட்டவில்லை. நான்தான் படித்துச் சொன்னேன்.

"எத்தன மண்ணு புடிக்கும் கண்ணு?" என்றார்.

ஆறரை அங்குல விட்டம், அறுநூறடி ஆழம். கணக்கிட்டேன்: ஏறத்தாழ 140 கன அடி.

"ஒன்றரை யூனிட் போதுமுங்கப்பா."

அந்த வாரமே குழி நிரம்பியது.

நண்பர்களே! நம் பெற்றோர் அறியாதது கணக்கை மட்டுமே, அன்பையன்று. விடுமுறையில் ஊர் செல்லும்போது நம் காடுகளைச் சுற்றிப் பார்ப்போம். ஒன்றரை யூனிட் மண்ணைவிட ஓர் உயிர் பெரிதல்லவா?