எங்கள் பாடம் எந்தத் துறை?

இருபத்தாறு வருடம் கல்லூரியில் பாடம் எடுத்தவன் நான். "என்ன பாடம் சார்?" என்று கேட்டால் மட்டும் சட்டென்று பதில் வராது. எம்.ஐ.எஸ்., அதாவது மேலாண்மைத் தகவல் அமைப்பு என்பேன். "அப்படின்னா கம்ப்யூட்டர் வாத்தியாரா, காமர்ஸ் வாத்தியாரா?" என்பார்கள். கல்லூரியிலும் இதே கதைதான். கம்ப்யூட்டர் துறைக்கு நாங்கள் புரோகிராம் தெரியாதவர்கள். வணிகவியல் துறைக்கு மெஷின்காரர்கள்.

இது எங்கள் கல்லூரிச் சிக்கல் மட்டுமல்ல. அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கார்டன் டேவிஸும் சகாக்களும் 1968-இல் பட்டப் படிப்பாகத் தொடங்கிய துறை இது. 1977-இல் அங்கிருந்தே இதற்கென ஓர் ஆய்விதழும் வந்தது. ஆனால் 2003-இல் அதே இதழில் இரண்டு பேராசிரியர்கள், இத்துறைக்கு அடையாள நெருக்கடி வந்துவிட்டது என்று எழுதினார்கள். அதே வருடம் நிக்கலஸ் கார் என்பவர், கம்ப்யூட்டரும் மின்சாரம் மாதிரி எல்லாரிடமும் இருக்கும் பொருளாகிவிட்டது, அதை வைத்திருப்பதால் எந்த நிறுவனத்துக்கும் தனி அனுகூலம் இல்லை என்று எழுதினார். டாட்காம் சரிவுக்குப் பிறகு மாணவர்களும் குறைந்திருந்த நேரம் அது.

எங்கள் எம்.சி.ஏ.வில் நான் ஓய்வு பெற்ற வருடம் இந்தத் தாளை விருப்பப் பாடமாக்கினார்கள். சேர்ந்தவர்கள் நான்கு பேர். அன்று மனசு உடைந்துதான் வீட்டுக்கு வந்தேன். இத்தனை வருடம் எதைத்தான் கற்றுக்கொடுத்தோம் என்று தோன்றியது.

பதில் போன மாதம் ரேஷன் கடை வரிசையில் கிடைத்தது. எனக்கு முன்னால் ஒரு பாட்டி. வயல் வேலை பார்த்துப் பார்த்து விரல் ரேகை தேய்ந்துபோயிருந்தது. கருவி நான்கு முறை மறுத்தது. "ரேகை விழல ஆத்தா, நாளைக்கு வா" என்றார் விற்பனையாளர். பாட்டி வெறும் பையை மடித்துக்கொண்டு கிளம்பினார்.

கருவியில் கோளாறு இல்லை. மென்பொருளிலும் பிழை இல்லை. ஆனாலும் அரிசி கிடைக்கவில்லை. ரேகை விழாவிட்டால் மாற்று வழி என்ன? அதைச் செய்யும் அதிகாரம் அந்த விற்பனையாளருக்கு உண்டா? பாட்டிக்கு அதை யார் சொல்வது? நான் இருபத்தாறு வருடம் வகுப்பில் கேட்ட கேள்விகள் இவைதான். கருவிக்கும் மனிதருக்கும் நடுவில் இருக்கும் இந்த இடத்தைப் பற்றிப் படிப்பதுதான் எங்கள் பாடம்.

துறையின் பெயர் மாறட்டும், எந்தக் கட்டடத்துக்கு வேண்டுமானாலும் போகட்டும். இந்தக் கேள்விகளைக் கேட்க ஒரு வகுப்பறை மட்டும் இருந்தால் போதும்.

பாட்டி மறுநாளும் வந்தாராம். கட்டைவிரலை வைத்ததும் விழுந்ததாம்.