இரண்டு எழுத்து ஒட்டினால் மாலிபு எஸ்எஸ் ஆகிவிடுமா?
பழைய அமெரிக்க மசில் கார் வாங்குவதில் கண்ணைவிடக் காகிதத்தைத்தான் நம்ப வேண்டும் என்பேன். 1970 செவ்ரலே ஷெவெல்லில் எஸ்எஸ் தனி மாடல் அல்ல, மாலிபுவுக்குக் கூடுதல் காசு கொடுத்து வாங்கிய தொகுப்பு. அதனால் விஐஎன் எனும் அடையாள எண்ணில் அதற்கான தடயமே கிடையாது. கிரில், பேட்ஜ், பானெட் கோடுகள் எல்லாம் இன்று புதிதாகவே செய்து விற்கிறார்கள். 454 எஞ்சினும் தேடினால் கிடைக்கும். இவை இருப்பது எதையும் நிரூபிக்காது. போன்டியாக் ஜிடிஓவில் இந்த வித்தை எடுபடாது: 1966 முதல் 1971 வரை அதன் எண் 242 என்றே தொடங்கும். ஆனால் அதே ஜிடிஓவின் 'ஜட்ஜ்' வெறும் தொகுப்பு என்பதால் பழைய குழப்பம் திரும்பிவிடுகிறது. அங்கே பிஹெச்எஸ் நிறுவனம் தரும் ஆலை விலைப்பட்டியல் நகல்தான் கைகொடுக்கும்.

சரி, எஞ்சினில் பொறித்திருக்கும் எண்ணையே மாற்றி அடித்துவிட்டால்? அடிக்கிறார்கள்தான். ஆனால் பழைய எண்ணைத் தேய்த்தால் ஆலை இயந்திரம் விட்ட நுண்ணிய இணைகோடுகளும் சேர்ந்து அழியும். பிளாக்கின் வார்ப்புத் தேதி கார் தயாரான நாளுக்குப் பிந்தியிருந்தால் அதற்குமேல் விவாதமே வேண்டாம். எஞ்சின் மாறிய கார் எல்லாம் போலி என்றும் சொல்ல மாட்டேன்; உத்தரவாதக் காலத்திலேயே மாற்றப்பட்டவை உண்டு. நகலும் அதே வேகத்தில் ஓடுகிறதே என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. நகல் என்று சொல்லி நகலின் விலைக்கு விற்கட்டும். காகிதம் தொலைந்துவிட்டது என்றால் அசல் விலையைக் கேட்கும் உரிமையும் கூடவே தொலைந்தது.