மீட்டரில் 40

"சத்தியமா நாப்பதுக்கு மேல போகல சார்." சாத்தூர் நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் நின்று அந்த மினி வேன் ஓட்டுநர் மூன்றாவது முறையாகச் சொன்னார். நான் எதிர்த்தரப்பு வக்கீல். தீப்பெட்டி ஆலையில் வேலை முடித்துச் சைக்கிளில் வீடு திரும்பிய பெண்ணை, சிவகாசி சாலையில் அவருடைய வேன் இடித்துத் தள்ளியிருந்தது. கால் முறிந்து, மறுபடி வேலைக்குப் போக முடியாமல் கிடந்த அந்த அம்மாவுக்காக இழப்பீட்டு மனு போட்டிருந்தேன்.

போலீஸ் வரைபடத்தில் இருந்த பிரேக் தடம் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மிக நீளம். ஓட்டுநர் பொய் சொல்கிறார் என்றே நினைத்தேன். அன்றிரவு காப்பீட்டு நிறுவனத்தின் எதிருரையை மறுபடி புரட்டியபோது ஒரு வரி உறுத்தியது: வேனில் பழைய மாடலின் பின் ஆக்சிலும் ஸ்பிரிங் பட்டையும் மாட்டப்பட்டிருக்கின்றன, அதனால் தாங்கள் பொறுப்பல்ல.

மறுநாள் அந்த ஆக்சிலை மாட்டிய பட்டறைக்குப் போனேன். "கிரவுன் உடைஞ்சு வந்துச்சு சார். புதுசுக்குக் காசில்ல. பழைய மாடல் ஹவுசிங்கை பட்டையோட சேத்து ஏத்துனேன். யூ போல்ட்கூட மாத்தல, கச்சிதமா உக்காந்துருச்சு" என்றார் மெக்கானிக். கழற்றிய கிரவுனும் பினியனும், பின் ஆக்சிலைச் சுழற்றும் அந்தப் பற்சக்கர ஜோடி, எண்ணெய்ச் சாக்கில் மூலையில் கிடந்தன. ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டு எண்ணச் சொன்னேன். கிரவுனில் 41, பினியனில் 8. வேனில் ஏறியிருந்த பழைய மாடலில் 37-க்கு 9.

பேப்பரில் வகுத்துப் பார்த்தேன். முன்பு புரொப்பெல்லர் தண்டு ஐந்து சுற்றுக்குச் சற்று மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். இப்போது நான்கு சுற்றுக்குச் சற்று மேல் போதும். மீட்டர் கேபிளோ கியர் பாக்ஸிலிருந்து வருவது. பின்னால் நடந்த மாற்றம் அதற்குத் தெரியாது. முள் 40 காட்டும்போது வண்டி 50-இல் ஓடியிருக்கிறது. வேகம் கால் பங்கு கூடினால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் ஒன்றரை மடங்கைத் தாண்டும். தடத்தின் நீளத்துக்கு விடை கிடைத்தது. இது இங்கே மட்டும் நடப்பதல்ல. ஜப்பானின் மஸ்டா எம்எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் காரில், 1.6 லிட்டர் வண்டிக்கு, பிற்பாடு வந்த 1.8 லிட்டர் வண்டியின் டிஃபரன்ஷியலை, அதாவது கிரவுனும் பினியனும் இருக்கும் பகுதியை, மாட்டுகிறவர்கள் உண்டு. அங்கேயும் விகிதம் 4.3-லிருந்து 4.1-க்கு இறங்கும், விவரம் தெரிந்தவர்கள் மீட்டர் கணக்கையும் சேர்த்தே பார்ப்பார்கள்.

மெக்கானிக்கைச் சாட்சியாக அழைத்தேன். அவர் சொல்லச் சொல்ல ஓட்டுநர் தலையைக் குனிந்துகொண்டார். ஓட்டுநர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் வேகம் வேகம்தான்.

காப்பீட்டு நிறுவனம் 2019 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டியது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்குக் கண்டிப்பான பொருள் தந்த தீர்ப்பு அது. தவறு உரிமையாளருடையதாக இருக்கலாம், சைக்கிளில் வந்தவர் என்ன செய்தார் என்று கேட்டேன். மூன்றாம் நபருக்கு எதிராகக் காப்பீட்டு நிறுவனம் எடுக்கக்கூடிய வாதங்களை அதே சட்டத்தின் 149(2) பிரிவு எண்ணிவைத்திருந்தது. பாகம் மாற்றியது அந்தப் பட்டியலில் இல்லை. நீதிமன்றம் ஏற்றது. நிறுவனமே பணம் கட்ட உத்தரவானது.

அதற்குப் பிறகு எந்த விபத்துக் கட்டு வந்தாலும், வேகம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இந்த வண்டியில கிரவுன் மாத்தியிருக்கா?"