வெற்றி பெற்றவனிடம் சொன்ன நிலையாமை

நிலையாமை என்றதும் தமிழ் வாசகருக்கு முதலில் நினைவுக்கு வருவது திருக்குறளின் 34ஆம் அதிகாரம். அது துறவறவியலில் இருக்கிறது. நாலடியாரும் செல்வம், இளமை, யாக்கை ஆகியவற்றின் நிலையாமையைத் தொடக்கத்திலேயே சொல்லித் துறவுக்கு வழிகாட்டுகிறது. ஆனால், இந்தச் சிந்தனை எங்கிருந்து புறப்பட்டது என்று தேடிக்கொண்டே பின்னால் போனால், வழி போர்க்களத்தில் கொண்டுபோய் விடுகிறது.

போரையும் அரசையும் பாடுவதற்குத் தொல்காப்பியம் வகுத்த ஏழு புறத்திணைகளில் ஆறாவது காஞ்சி. உலகில் எதுவும் நில்லாது என்பதே அதன் பொருள். வெற்றியைப் பாடும் வாகைக்கு அடுத்தபடியாக அது நிற்கிறது. கணவனை இழந்தவளின் தனிமை, சுடுகாட்டை வாழ்த்துதல் போன்றவை அதன் துறைகள். பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலை காஞ்சிக்கு வேறு பொருள் தந்தது: படையெடுத்து வருபவனை எதிர்த்துத் தன் நாட்டைக் காத்தல்.

பழைய பொருளில் காஞ்சியை விரிவாகப் பாடியது மதுரைக்காஞ்சி. பத்துப்பாட்டில் மிக நீண்ட பாட்டு இதுதான், 782 அடிகள். பாடியவர் மாங்குடி மருதனார். கேட்டவன் பாண்டிய மன்னன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன். இளம் வயதிலேயே சேரன், சோழன், குறுநில மன்னர்களான ஐந்து வேளிர் என எழுவரை ஒரே களத்தில் வென்றவன். போருக்கு முன் அவன் உரைத்த வஞ்சினம் புறநானூற்றில் 72ஆம் பாடலாக இருக்கிறது. பகைவரை வெல்லாவிட்டால் மாங்குடி மருதன் தலைமையிலான புலவர்கள் தன் நாட்டைப் பாடாது போகட்டும் என்கிறான். அப்படி அவன் மதித்த புலவரே வந்து, உலகை ஆண்டு மறைந்த மன்னர்கள் கடலலை குவித்த மணலினும் பலர் என்று அவனிடமே சொல்கிறார்.

இதைச் சொல்லிவிட்டுப் புலவர் பாண்டிநாட்டின் ஐந்து நிலங்களையும் காட்டி, மதுரைக்குள் நுழைகிறார். பாட்டில் ஏறத்தாழப் பாதி, அந்த ஊரின் ஒரு பகலும் ஓர் இரவும். தெருக்களில் கொடிகள் பறக்கின்றன. சில திருவிழாக் கொடிகள், சில கள் விற்கும் இடத்தைக் காட்டுபவை. பகைவர் கோட்டைகள் விழ விழ நாள்தோறும் ஏற்றிய வெற்றிக் கொடிகளும் உண்டு. அண்ணாந்து பார்க்கும் மதுரைக்காரருக்கு அன்றைய செய்தித்தாள் அந்தக் கொடிகள்தான். கீழே பூவும் தின்பண்டமும் விற்பவர்கள், யானையும் தேரும் வரும்போது அஞ்சி ஒதுங்கி, கடந்த பிறகு மூச்சு விடுகிறார்கள். புலவரின் கண் இரண்டையும் விட்டுவிடவில்லை.

பௌத்தர், சமணர், அந்தணர் இருப்பிடங்களும் நடுநிலை தவறாத அறங்கூறவையமும் வருகின்றன. சங்கு அறுப்பவர், மணிக்குத் துளையிடுபவர், பொன்வினைஞர் எல்லோரும் வருகிறார்கள். மாலையில் அல்லங்காடி என்னும் அந்திச் சந்தை கூடுகிறது. பிறகு இரவு யாமம் யாமமாக நகர்கிறது. கடைகள் அடைத்தபின், தேன்கூடு போல வரிவரியாக இருக்கும் மெல்லிய அடையும் இனிப்பு மோதகமும் விற்றவர்கள் அசந்து தூங்குகிறார்கள். இன்னும் இருட்டிய பிறகு, இடுப்பில் நூலேணி சுற்றிக்கொண்டு, நிலத்தைத் தோண்டும் உளியோடு கள்வர் திரிகிறார்கள். அவர்களைப் பிடிக்கத் தூங்காத காவலரும் சுற்றுகிறார்கள். விடியலில் வேதம் ஓதும் ஒலி எழுகிறது, யாழில் மருதப்பண் எழுகிறது, வீட்டுக் கதவுகள் திறக்கும் ஓசை கேட்கிறது. பகைவரிடமிருந்து கவர்ந்த யானைகளும் குதிரைகளும் மாட்டு மந்தைகளும் ஊருக்குள் வந்து சேர்கின்றன.

நிலையாமை சொல்ல வந்த பாட்டில் இத்தனை இரைச்சலும் ஆரவாரமும் ஏன்? போகப்போவது எது என்று தெரிந்தால்தானே அது போவதன் கனம் தெரியும்! மருதனார் மதுரையை இழிவாகப் பேசவே இல்லை. ஊரின் மேல் அவருக்கு இருக்கும் பிரியம் அடிக்கு அடி தெரிகிறது. புறநானூற்றின் 194ஆம் பாடலில் பக்குடுக்கை நன்கணியாரும் ஒரே ஊரில் ஒரு வீட்டில் சாப்பறையும் இன்னொரு வீட்டில் மண முழவும் ஒலிக்கும் வேளையைக் காட்டுகிறார். அவரும் துறவுக்கு அழைக்கவில்லை; உலகின் இயல்பை உணர்ந்தவர்கள் அதில் இனியதைக் காணட்டும் என்கிறார்.

பத்துப்பாட்டு முழுவதையும் நச்சினார்க்கினியர் உரையோடு உ.வே. சாமிநாதையர் 1889இல் பதிப்பித்தார். காஞ்சி என்பது வீடுபேற்றை நோக்கிச் சொல்லப்படுவது என்று நச்சினார்க்கினியர் கொள்கிறார். பாட்டின் கடைசி அடிகள் அந்த உரைக்கு முழுதும் இடம் தருவதாகத் தெரியவில்லை. முன்னோனான முதுகுடுமி வேள்விகளால் பெற்ற சிறப்பையும், நிலந்தரு திருவின் நெடியோன் சான்றோரால் பெற்ற சிறப்பையும் நினைவூட்டிய பின், உனக்கென அளந்து தந்த வாழ்நாளை மகிழ்ந்து இனிதாக வாழ்வாயாக என்று அரசனிடம் சொல்லி மருதனார் பாட்டை முடிக்கிறார்.