அட்டையும் கையும்

ஆரணி நெசவாளர் வீட்டுப் பெண், மரபியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். ஒரு விதை நிறுவனத்தின் ஆய்வகத்தில் பருத்தியில் மரபணு மாற்றம் செய்துகொண்டிருந்தார். பிறகு அங்கேயே அரசு ஒப்புதல் வாங்கும் பிரிவுக்கு மாறினார்.

செடி நன்றாக வளர்ந்தால் மட்டும் போதாது. அது பாதுகாப்பானது என்று முதலில் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவுக்கும், பிறகு உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆர்சிஜிஎம் குழுவுக்கும், கடைசியில் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஜிஇஏசி குழுவுக்கும் காட்ட வேண்டும். 1989ஆம் ஆண்டு விதிகள் அப்படி. ஒப்புதல் கோப்பில் உள்ள ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்பது ஆய்வகத்தில் இருந்தவருக்குத்தான் தெரியும் என்பதால் இப்படிப்பட்டவர்களுக்குக் கிராக்கி அதிகம். போட்டி நிறுவனம் கூப்பிட்டது. முறைப்படி நோட்டீஸ் காலம் முடித்துப் போய்ச் சேர்ந்தார்.

பழைய நிறுவனம் போட்ட வழக்கு ஆரணிக்கு வந்தது, பயிற்சிப் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்துப் போட்ட அப்பாவும் பிரதிவாதி என்பதால். அவர்களுக்கு நான் வழக்கறிஞர். இரண்டு ஆண்டு போட்டி நிறுவனத்தில் வேலை செய்யக் கூடாது, பத்திரப்படி பயிற்சிச் செலவையும் கட்ட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் 1967ஆம் ஆண்டின் கோலிகரி தீர்ப்பை எடுத்து வைத்தார். டயருக்கான நூல் தயாரித்த செஞ்சுரி நிறுவனத்திலிருந்து போட்டி ஆலைக்குப் போனவர் மீதான தடையை உச்ச நீதிமன்றம் சரி என்றது. (பட்டு நூல் ஊரில் டயர் நூல் தீர்ப்பு!) ஆனால் கோலிகரி தாவியது ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிவதற்கு முன். முடிந்த பிறகும் கட்டிப்போடுவது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி செல்லாது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கிலும் 2006இல் உச்ச நீதிமன்றம் அதையே சொன்னது.

உண்மையான சண்டை ரகசியத்தைப் பற்றியது. சரியாக வராத சோதனை வயல்களின் விவரத்தை எடுத்துப் போய்விட்டார் என்று குற்றச்சாட்டு. பெண்ணோடு வந்திருந்த அம்மா அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தறியில மொதலாளி மாறினா அட்வான்ஸக் கட்டிட்டு, டிசைன் அட்டையக் குடுத்துட்டு வந்துருவோம். கைய எப்படி சார் குடுக்கறது?"

அட்டையைத் திருப்பிக் கொடுத்ததற்குச் சான்று இருக்கிறதா என்று மகளைக் கேட்டேன். இருந்தது. பக்க எண் அச்சிட்ட கெட்டி அட்டை ஆய்வக நோட்டுகள், ஒவ்வொன்றும் எத்தனை பக்கம், யாரிடம் ஒப்படைத்தார் என்ற பட்டியல், கீழே அவர்கள் மேலாளரின் கையெழுத்து. வாதத்தில் பாதியை அந்த ஒரு தாள் பார்த்துக்கொண்டது. எந்த ரகசியம், எந்த ஆவணம் என்று நீதிபதி கேட்டபோது எதிர்த்தரப்பு காட்டியது அவருடைய பயோடேட்டாவை.

தடை மனு தள்ளுபடி. பணத்தில் அவ்வளவு சுலபமாகத் தப்ப முடியவில்லை. அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி நியாயமான இழப்பீடுதான் என்றேன். பயிற்சிக்கான ரசீதுகள் அவர்களிடம் பெரிதாக இல்லை. குறைந்த தொகைக்குச் சமரசம். அந்தப் பெண் பிறகு ஆய்வக வேலைக்கே திரும்பிவிட்டார்.

2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்றாண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. பொதுத்துறை வங்கி, அதன் நியமனச் செலவு என்று அதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. இருந்தாலும் இப்போது யாராவது வேலை ஒப்பந்தத்தோடு வந்தால், தடைப் பிரிவைத் தள்ளி வைத்துவிட்டுப் பணப் பிரிவைத்தான் முதலில் படிக்கிறேன்.