அமைச்சர் எழுதிய கடிதமும் கல்வராயன் மலையும்

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை தெரியும். கோமுகி ஆறு அங்கிருந்துதான் வருகிறது. கடுக்காயும் சாமையும் தேனும் புளியும் அங்கிருந்துதான் எங்கள் ஊர்ச் சந்தைக்கு வருகின்றன. அங்கே வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடிகள். பெயரை வைத்துக் கேரளா என்று நினைத்துவிட வேண்டாம், அவர்கள் பேசுவது தமிழ். 1976 வரை இந்த மலை மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் வாங்கி 29 வருடம் கழித்துதான் மலை அரசாங்கத்திடம் வந்தது.

டெல்லியில் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் எதற்கு இந்த மலையை இழுக்கிறேன்? அவர் எடுத்த முடிவுகளிலேயே பெரியது எதுவென்று கேட்டால் இங்கிருந்துதான் எனக்குப் பதில் கிடைக்கிறது.

ஐஐடி பம்பாயில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். 2009 மே மாதம் தனிப்பொறுப்புள்ள இணையமைச்சராகச் சுற்றுச்சூழல் துறைக்கு வந்தார், 2011 ஜூலையில் கேபினட் அமைச்சராக ஊரக வளர்ச்சித் துறைக்குப் போனார். நடுவில் இருந்தது இரண்டு வருடமும் சொச்சமும். அதற்குள் பசுமைத் தீர்ப்பாயத்துக்கான சட்டம் 2010இல் நிறைவேறியது. பிடி கத்தரிக்காய் விவகாரமும் அப்போதுதான். ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டுவிட்டு 2010 பிப்ரவரி 9ஆம் தேதி அதை நிறுத்தி வைத்தார். கோவை வேளாண் பல்கலைக்கழகமும் நம்மூர்க் கத்தரி ரகங்களில் அந்த மரபணுவைச் சேர்க்கும் வேலையில் இருந்ததால், இது நம் தோட்டத்து விஷயமும்கூட. எனக்குப் பிடித்தது இன்னொன்று. ஏன் இந்த முடிவு என்று விரிவாக எழுதி எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டார். கோடு எழுதுகிறவனுக்கு இதன் அருமை தெரியும். எதையோ மாற்றிவிட்டு ஏன் மாற்றினோம் என்று ஒரு வரிகூட எழுதாமல் போகிறவர்களோடுதான் தினமும் மல்லுக்கட்டுகிறோம்.

ஆபீஸில் இந்தப் பேச்சு வந்தால் நண்பன் ஒருவன் சிரிப்பான். "போடா, அந்த ஆளு இருந்தப்ப நாட்டுல ஒரு ப்ராஜெக்ட்டும் நகரல." இது உண்மையில்லை. ஜைதாபூர் அணுமின் நிலையத்துக்கும் நவி மும்பை விமான நிலையத்துக்கும் அனுமதி கொடுத்தவர் அவரேதான். ஒடிசாவில் மக்கள் எதிர்த்துக்கொண்டிருந்த போஸ்கோ எஃகு ஆலைக்கும் 2011இல் அனுமதி கொடுத்தார். அவரை வில்லனாகப் பார்க்கிறவர்களும் சரி, காட்டின் காவலனாகப் பார்க்கிறவர்களும் சரி, இந்தப் பட்டியலைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

நான் அவரை நினைப்பது ஒரு கடிதத்துக்காக. 2009 ஆகஸ்டில் அவருடைய அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பியது. காட்டு நிலத்தை வேறு வேலைக்குக் கொடுப்பதென்றால் முதலில் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி மக்களின் உரிமைகளை முடிவு செய்ய வேண்டும், கிராம சபையின் சம்மதமும் வேண்டும் என்றது அந்தக் கடிதம். அடுத்த வருடமே ஒடிசாவின் நியமகிரி மலையில் வேதாந்தாவுக்கு பாக்சைட் எடுக்கும் திட்டத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2013இல் நீதிமன்றம் கிராம சபைகளையே கேட்கச் சொன்னது. 12 கிராம சபைகள் கூடின, 12ம் வேண்டாம் என்றன. அதே வேதாந்தா குழுமத்தின் மேட்டூர் மால்கோ ஆலைக்கு கல்வராயனுக்குப் பக்கத்து மலையான சேர்வராயனிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் பாக்சைட் போனது. அந்த மலைகளில் இப்படி ஒரு சபை கூட்டிக் கேட்கும் சட்டம் அன்று கிடையாது.

சட்டம் வந்த பிறகாவது இங்கே என்ன நடந்தது? 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட இடைக்கால உத்தரவால் தமிழ்நாட்டில் உரிமைப் பத்திரங்கள் கொடுக்கும் வேலை முடங்கியது. 2016இல் உச்ச நீதிமன்றம்தான் அதை நீக்கியது. அதாவது ஜெய்ராம் அமைச்சராக இருந்த முழுக் காலமும், அதற்குப் பிறகு சில வருடங்களும், கல்வராயன் மலைக்காரர் கையில் காட்டத் தாள் இல்லை. உரிமை முடிவாகாத இடத்தில் அந்தக் கடிதத்துக்கு என்ன பலம்?

அப்பாவின் கடைக்குப் புளி கொண்டுவரும் வெள்ளிமலைப் பெரியவர் ஒருவர் இதைச் சட்டம் பேசாமலே சொன்னார். "எங்க தாத்தா வெச்ச மரம் தம்பி. ஆனா உலுக்கறதுக்கு ரசீது கேக்கறாங்க."

2010 பிப்ரவரியில் கோத்தகிரியில் நடந்த கூட்டத்துக்கு ஜெய்ராம் வந்தார். அதன் தொடர்ச்சியாகத்தான் மாதவ் காட்கில் தலைமையில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கான குழு அமைந்தது. கல்வராயன் இருப்பது கிழக்குத் தொடர்ச்சி மலையில். அதற்கு அப்படி ஒரு குழு வரவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்த பிறகுதான், உயர் நீதிமன்றம் கல்வராயன் மக்களின் வாழ்க்கை நிலையைத் தானாக முன்வந்து விசாரிக்க எடுத்தது. சாவு விழுந்தால்தான் எங்கள் மலை டெல்லிக்கும் சென்னைக்கும் தெரிகிறது.

அந்தக் கடிதமும் கரைந்துகொண்டே வந்தது. 2013இல் சாலை, மின்கம்பி போன்ற நீளவாக்குத் திட்டங்களுக்குக் கிராம சபைச் சம்மதம் வேண்டாம் என்றார்கள். அப்போதும் ஆட்சியில் இருந்தது அவருடைய கட்சிதான். 2022 விதிகளில் மத்திய அரசு முதலில் அனுமதி கொடுத்துவிடலாம், உரிமைகளைப் பிறகு மாநிலம் பார்த்துக்கொள்ளும் என்று ஆனது. நாற்காலியிலிருந்து எழுந்துவிட்ட ஜெய்ராம் இன்று எதிர்க்கட்சி வரிசையிலிருந்து இதையெல்லாம் எதிர்த்துப் பேசுகிறார். ஒரு சுற்றறிக்கையை இன்னொரு சுற்றறிக்கையால் அழித்துவிடலாம். 12 சபைகள் கூடிச் சொன்னதை அப்படி அழிக்க முடியவில்லை. நியமகிரியில் இன்னும் சுரங்கம் வரவில்லை.

நல்ல அமைச்சர் வரட்டும் என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. வன உரிமைச் சட்டத்தில் மூன்று படிவங்கள் உண்டு. ஏ தனி ஆளுக்கு, பி ஊரின் பொது உரிமைக்கு, சி ஊர் காத்துவரும் காட்டுக்கு. பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் பட்டா பற்றித்தான் கேட்பார் என்று நினைத்தேன்.

"அந்த மூணாவது தாளுல ஊரே கையெழுத்துப் போடணுமா தம்பி?"

"ஆமாங்க கவுண்டரே. கிராம சபை கூடித்தான் போடணும்."

"அப்ப அதையே எடுத்துக் குடு. தமிழ்ல இருக்கறதா பாத்து எடு."