ஈசல் வந்த வீடு

திண்டிவனத்துக்கு மாற்றலாகி வந்து ஒரு வாரமாகியும் என் மனைவி பெட்டியைப் பிரிக்கவில்லை. திந்திருணி வனம், அதாவது புளியங்காடு என்பதுதான் ஊர்ப் பெயராயிற்று என்பார்கள். "காடென்றால் பூச்சி பொட்டு இல்லாமலா?" என்றாள்.

அவள் வாக்குப் பலித்தது! ஐப்பசி மழை ஓய்ந்த மாலையில் விளக்கைப் போட்டதுதான் தாமதம், வீடு நிறைய ஈசல். குழந்தை வீறிட்டாள். எதிர்வீட்டுப் பாட்டி ஓடிவந்து விளக்கை அணைத்தாள். வாசலில் ஒரு விளக்கை ஏற்றி, அதன் கீழே தாம்பாளத்தில் தண்ணீர் வைத்தாள்.

"கண்ணாலத்துக்குக் கெளம்பின கூட்டம்மா இது. றெக்கையை உதுத்துட்டுக் குடித்தனம் வைக்கப் போவும்" என்றாள்.

உண்மைதான். கறையான் புற்றிலிருந்து கிளம்பும் இந்த ஜோடிகளில் பிழைத்தவை புதுப் புற்றுக்கு ராஜா, ராணி. பிழைக்காதவற்றைப் பாட்டி மறுநாள் வறுத்து, பொரியில் கலந்து எனக்கு ஒரு பிடி கொடுத்தாள். (தின்றேன். வீட்டில் சொல்லவில்லை.)

அன்று காலை குழந்தை உள்ளங்கையைத் திறந்து காட்டினாள். சிவப்பு வெல்வெட்டாகத் தம்பலப்பூச்சி! எட்டுக் கால், சிலந்திக்குத்தான் உறவு.

ஞாயிறன்று மரக்காணம் பஸ் ஏறிக் கழுவேலிக்குப் போனோம். 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பெரிய சதுப்பு நிலம் அது. வடக்கே குளிருக்குப் பயந்து பறந்து வந்த பறவைகள் நீரில் மேய்ந்துகொண்டிருந்தன.

"இதுங்களும் மாற்றலாகி வந்திருக்கா, அப்பா?"

மனைவி சிரித்துவிட்டாள். அன்றிரவு பெட்டியிலிருந்து தோசைக்கல் வெளியே வந்தது.